கப்பலுக்கும் ஆடித் தள்ளுபடி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் உட்கார்ந்து யோசித்ததல்ல. ஷேர் ஆட்டோவில் ஓசியில் கிடைத்தது.

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி போகிற வண்டி. உட்கார இடமிருந்ததைவிட உட்கார்ந்திருந்தவர்கள் அதிகம். எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும். அந்த ஆள் போனைத் தேய்த்துக்கொண்டே, "நேத்தைக்கு இன்னிக்கு ஏறிக்கிச்சு புஷ்பா. கொஞ்ச நாளு உட்டுப் புடிப்போம்" என்றார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. "கப்பலு இன்னா கத்திரிக்காயா, சாய்ங்காலமானா வெலை எறங்கறதுக்கு?" என்றார்.

வண்டியே சிரித்தது. டிரைவர் சிரித்ததில் ஒரு பள்ளம் தப்பாமல் விழுந்து எழுந்தோம். அவர்கள் இருவரும் வேலப்பன்சாவடியில் இறங்கிவிட்டார்கள். நான் பூந்தமல்லியில் இறங்கி, எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோய், ஒரு டீக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தேன்.

புஷ்பா என்ற பெயர் நிஜம். கஜபதி என்ற பெயர் நான் வைத்தது. மற்றதெல்லாம் புளுகு. அந்த அம்மா இதைப் படித்தால் என்னை மன்னிக்க வேண்டும். படிக்கமாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

2

மூன்று ஆரம்பம் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "சென்னைத் துறைமுகத்தில் அந்தக் கப்பல் பெரிய கல்யாண மண்டபம் மாதிரி நின்றுகொண்டிருந்தபோது, புஷ்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறலாமா வேண்டாமா என்று"

நிறுத்திவிட்டேன். துறைமுகத்தில் ஆரம்பித்தால் டிக்கெட் போட்டாயிற்று என்று அர்த்தம். போடுவார்களா மாட்டார்களா என்பதுதானே விஷயம். (செருப்பு நன்றாக இருந்தது. மனசே இல்லாமல்தான் விட்டேன்.)

இரண்டாவது: "விலை என்பது என்ன? ஒருவரின் ஆசைக்கும் இன்னொருவரின் அவசரத்துக்கும் நடுவில்" சே, சே. கட்டுரை வாடை அடிக்கிறது. இப்படி ஆரம்பிக்கிற கதையை நானே படிக்கமாட்டேன்.

மூன்றாவது: "கஜபதிக்கு இருப்புக் கொள்ளவில்லை."

இது இருக்கட்டும். சின்ன வாக்கியம். பொய்யும் இல்லை.

3

கஜபதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் அவர். டீ டயத்தில் எல்லோரும் டீ குடிப்பார்கள். அவர் போனை எடுத்துக் கப்பல் கட்டணம் பார்ப்பார். ஏறியிருந்தால், "பாத்தியா, கொள்ளை அடிக்கிறான்" என்று மூடிவைப்பார். இறங்கியிருந்தால், "பாத்தியா, இன்னும் எறங்குவான்" என்று மூடிவைப்பார். ஏறினாலும் போடமாட்டார், இறங்கினாலும் போடமாட்டார். வண்டியில் லோடைத் தூக்கி அந்தரத்தில் நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்துச் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

கப்பல் ஒன்றும் அமெரிக்கா போகிற கப்பல் இல்லை. சென்னையில் கிளம்பி, நடுக்கடலில் மிதந்து, விசாகப்பட்டினத்தைத் தொட்டுவிட்டு நாலு நாளில் திரும்பி வந்துவிடும். சாப்பாடு, ஆட்டம் பாட்டம் எல்லாம் உள்ளேயே. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புஷ்பா வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான்.

அதுவும் இப்போது விட்டால் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். கஜபதியின் தாயார் பொன்னியம்மா பல வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்து, போன வருஷம் போய்ச் சேர்ந்தார். தூக்கி உட்காரவைத்தது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் புஷ்பாதான். வைகாசியில் வருஷ தெவசம் முடிந்தது. இந்தப் பக்கம், ஓசூரில் இருக்கிற மகள் ஜோதிகா மாசமாக இருக்கிறாள். ஆடியில் நல்ல காரியம் செய்வதில்லை என்று வளைகாப்பை ஆவணி முதல் முகூர்த்தத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். வளையல் போட்ட கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அப்புறம் பிரசவம், பத்தியம், பிள்ளைக்குக் கால் நீட்டிக் குளிப்பாட்டுவது. ஆக, ஒரு கட்டிலுக்கும் ஒரு தூளிக்கும் நடுவில் புஷ்பாவுக்கு இந்த ஆடி மாதம் மட்டும் காலியாக விழுந்திருக்கிறது. ஆடி முடிவதற்குள் கப்பல் ஏறினால் உண்டு. தவறினால் அடுத்து எப்போது என்று எந்த ஜோசியராலும் சொல்ல முடியாது.

புஷ்பா சித்திரையிலேயே கேட்டுவிட்டாள். கஜபதிதான் பொறுக்கச் சொன்னார்.

"ஆடில துணிக்கடைக்காரன் கொறைக்கிறான். நகைக்கடைக்காரன் கூலியே வேணான்றான். பாத்திரக்கடைல குண்டான் வாங்குனா கரண்டி சும்மா குடுக்குறான். கப்பல்காரன் மட்டும் இன்னா, வானத்துலேர்ந்து குதிச்சவனா? ஆடி பொறக்கட்டும் புஷ்பா. அவனே வந்து கெஞ்சுவான் பாரு."

புஷ்பா பொறுத்தாள். பொறுப்பதில் அவளுக்குப் பழக்கம் அதிகம்.*

* "பொறுமையின் சிகரம்" என்று முதலில் எழுதியிருந்தேன். நல்லவேளை, அடித்துவிட்டேன்.

5

நாலாம் பகுதி எங்கே என்று தேடாதீர்கள், தூக்கிவிட்டேன். அதில் கஜபதியைக் கஞ்சனாக எழுதியிருந்தேன். சோப்புத் துண்டை இன்னொரு சோப்பில் ஒட்டிவைக்கிறவர், பற்பசைக் குழாயைக் கத்தரித்து வழிக்கிறவர் என்றெல்லாம். எழுதும்போது கை நன்றாகத்தான் ஓடியது. திரும்பப் படித்தால் ஆள் ஒட்டவே இல்லை. கஞ்சன் ஏன் ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வாங்கப் போகிறான்? சீட்டுக் கட்ட முடியாத சக தொழிலாளிக்கு ஏன் தன் கைக்காசைக் கொடுக்கிறான்?

இல்லை. கஜபதிக்குக் காசு போவதில் வருத்தமே கிடையாது. விற்கிறவன் மனசுக்குள், "ஒருத்தன் மாட்டினான்டா" என்று சிரித்துவிடுவானோ என்பதுதான் பயம். அந்தப் பயத்தில்தான் நூம்பலில் ஒரு மனை கைநழுவிப் போனது. சுற்றிலும் வயல் இருந்த காலம். தரகர் சொன்ன விலை அதிகம் என்று பட்டது. எவன் வந்து இந்தச் சேற்றில் வீடு கட்டப்போகிறான், தானே இறங்கிவருவான் என்று காத்திருந்தார். இன்று அதே மனையில் லிஃப்ட் வைத்த மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. அதே தெருக்கோடியில் கஜபதியும் புஷ்பாவும் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். வேலைக்குப் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் அதைக் கடக்க வேண்டும். புஷ்பா ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பார். சொல்லாததுதான் மனுஷனை அரித்துத் தின்கிறது.

அதனால்தான் இந்தக் கப்பலிலாவது ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று துடிக்கிறார். அவள் ஆசைப்பட்டதை அடிமாட்டு விலைக்கு வாங்கிவந்து மடியில் போட்டு, "பாத்தியா?" என்று கேட்க வேண்டும். இதை அன்பு என்று சொல்லலாமா, எனக்குத் தெரியவில்லை. அன்பு இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஆடி பிறந்தது. கஜபதி வேலப்பன்சாவடிக்கு வண்டியை விட்டார். அங்கே ஜேம்ஸ் என்று ஒருவர் கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ், ரயில் டிக்கெட், ஆதார் திருத்தம், எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். கப்பலையும் அவரிடமே விசாரித்து வைத்திருந்தார் கஜபதி.

"ஜேம்ஸு, ஆடி பொறந்துகிச்சு. எவ்ளோ எறங்கிகீது பாரு."

ஜேம்ஸ் தட்டிப் பார்த்தார். "எறங்கல அண்ணாத்தே. நல்லா ஏறிகீது."

"இன்னாய்யா சொல்ற? ஒயுங்கா பாரு. ஆடிய்யா இது! ஆடில எவன் கப்பல் ஏறுவான்?"

"நம்மாளு ஏற மாட்டான். வடக்கேர்ந்து வர்றவனுக்கு ஆடி ஏது, ஆவணி ஏது? மழைக்காலத்துல பம்பாய் பக்கம் கடலு பேயாட்டம் ஆடும் அண்ணாத்தே. அதான் கப்பலை இந்தப் பக்கம் இட்டாந்துர்றான். மெட்ராஸ்லேர்ந்து அது கெளம்புறதே இந்த மாசங்கள்லதான். அவன்அவன் அடிச்சுப் புடிச்சு ஏறிகினு கீறான்."

கஜபதிக்கு வாயில் ஈ போனாலும் தெரியாது. இந்தியா முழுக்க ஆடி மாதம் கிடையாது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. (சிரிக்காதீர்கள். எனக்கும் இதை எழுதும்போதுதான் உறைத்தது.)

"அப்போ சித்திரைல போட்டிருந்தா?"

"சித்திரைல அல்வா மாதிரி முடிஞ்சிருக்கும்" என்றார் ஜேம்ஸ். அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஆனாலும் கஜபதிக்கு அந்த மூன்று மாடிக் கட்டடம் இந்தக் கடைக்குள்ளேயே வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

வீட்டில் புஷ்பா கேட்டாள், "இன்னா ஆச்சு?"

"ஆடி இப்பத்தான பொறந்துகீது. சூடு புடிக்க நாளாவும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். நேரமெடுத்துக் கழுவினார்.

6

இங்கே வந்து மாட்டிக்கொண்டேன். விஷயம் கஜபதி இல்லை, புஷ்பா. இவள் ஏன் கப்பல் கேட்கிறாள்?

"சின்ன வயசிலிருந்தே அவளுக்குக் கடல் என்றால்" என்று ஒரு வரி எழுதினேன். புருடா. கடல் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறினால் மெரினா. டிவியில் பார்த்து ஆசைப்பட்டாள் என்று எழுதினேன். அப்படியானால் ஆசை டிவியுடையது, அவளுடையது இல்லை. பக்கத்து வீட்டுக்காரி போய்வந்தாள், அந்தப் பொறாமை என்று எழுதினேன். என் மீதே எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு பெண் எதையாவது கேட்டால் உடனே பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிவருவது என்ன புத்தி?

நாலைந்து நாளாக இப்படியே வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். கொரட்டூரில் எங்கள் வீடு சின்னது, நடந்தால் எல்லோர் மேலும் இடிக்கும். என் மனைவி சித்ரா பொறுத்துப் பார்த்துவிட்டு, எழுதினவரைக்கும் வாங்கிப் படித்தாள்.

படித்துவிட்டு, "கஜபதி 'சொன்னார்', புஷ்பா 'கேட்டாள்'. ஏன்?" என்றாள்.

"அது வழக்கம்தானே."

"யாரோட வழக்கம்? ஷேர் ஆட்டோல பார்த்தப்போ அந்தம்மா 'என்றார்'னுதான் எழுதியிருக்கீங்க. அவங்களைக் கதைக்குள்ள கொண்டுவந்து ஒரு புருஷனையும் மாமியாரையும் குடுத்ததும் 'பொறுத்தாள்' ஆயிடுச்சு."

திருப்பிப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. நான் எப்போது மாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. இருவரையும் 'அவர்' ஆக்கிப் பார்த்தேன். யார் எவர் என்று எனக்கே குழம்பியது. அதனால் இந்த இடத்திலிருந்து கஜபதி, 'அவன்'. அவன் கோபித்துக்கொள்வான். கொள்ளட்டும். பழைய பக்கங்களைத் திருத்தவில்லை. என் லட்சணம் தெரிகிற மாதிரி அப்படியே கிடக்கட்டும்.

"சரி, அவ ஏன் கப்பல் கேட்கிறா? அதுதான் பிடிபட மாட்டேங்குது" என்றேன்.

சித்ரா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நிஜமாவே தெரியலையா? நடுக்கடல்ல டவர் கிடைக்காதுங்க. ஊட்டிக்குப் போனா, 'உடனே கிளம்பி வா'ன்னா பஸ் பிடிச்சு வந்துடலாம். கப்பல்ல இருந்து எப்படி வர்றது?"

"இது உனக்கெப்படித் தெரியும்?"

குக்கர் விசில் அடித்தது. அவள் எழுந்து போய்விட்டாள். விசில் அடிக்காமல் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பாளா என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை. இது கஜபதி வீட்டுக் கதை.

7

புஷ்பா புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவள். அன்றைக்கு மத்தியானம் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். கஜபதிக்கு வாரலீவு. கட்டிலில் படுத்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜோதிகா போனில் கூப்பிட்டாள். "எம்மா, புளிக்கொயம்புக்கு வெந்தியம் மொதல்ல போடணுமா, கடைசிலயா?" புஷ்பா சொன்னாள். போனை வைத்ததும் வாசலில் ஒரு குரல், புடவை ஆயிற்றா என்று. எழுந்து போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தாள். உட்கார்ந்ததும் ஜோதிகா மறுபடியும்: "எம்மா, கசக்குதும்மா!" அதற்கும் சொன்னாள். ஊசியில் நூல் கோக்கும்போது கஜபதி, "புஷ்பா, டீ" என்றான். பிறகு, டீ வந்ததும், "இன்னும் ஒரு வாரம் பாப்போம். எவனாச்சும் கேன்சல் பண்ணுவான். அப்போ எறங்கும்" என்றான்.

புஷ்பா புடவையை மடித்து வைத்தாள்.

"யோவ், நான் கடலு பாக்கறதுக்கா கப்பலு கேட்டேன்?"

"பின்ன?"

"அன்னிக்கு ஏற்காடு போனமே, நெனப்பு கீதா? ரூம்புல பையைக்கூட வெக்கல. உங்கம்மா கட்டில்லேர்ந்து உயுந்துட்டாங்கன்னு போனு. அப்படியே திரும்பி வந்தோம். நான் தப்பு சொல்லலய்யா. உயுந்து கெடக்கறவங்களை உட்டுட்டு நான் இன்னா மலையைப் பாக்கறது? ஆனா கப்பலு அப்படி இல்ல. கெளம்பிச்சுன்னா கெளம்பினதுதான். போனு வராது. வந்தாலும் எறங்க முடியாது. நானா வர மாட்டேன்னு சொல்ல வேணாம் பாரு. கடலே சொல்லிடும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நாலு நாளு 'புஷ்பா'ன்னு ஒருத்தரும் கூப்புடக் கூடாது. பகல்ல தூங்கணும். எதுக்கு எயுந்திருக்கணும்னு இல்லாம தூங்கணும். அவ்ளோதான்யா."

கஜபதி எழுந்து உட்கார்ந்தான். இத்தனை நாள் அவன் இறக்கப் பார்த்தது வேறு எதற்கோ விலை. அது ஒரு பக்கம் இருக்க, இன்னொன்றைக் கேட்டான்.

"ஒருத்தரும்னா? நானுமா?"

புஷ்பா சிரித்துவிட்டாள். "நீ வந்தா காலைல 'புஷ்பா, டீ'ன்னு கேக்காம இருப்பியா?"

"கப்பல்ல டீ அவனே குடுப்பானே!"

"குடுப்பான். நீ அத்தப் போயி என்னை எட்த்துகினு வரச் சொல்லுவ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வரவேண்டாம் என்று சொல்லவே இல்லை. அப்படி நினைத்தாள் என்றும் நான் எழுதமாட்டேன். அவள் மனசுக்குள் போய்ப் பார்க்கிற உரிமையை எனக்கு யாரும் தரவில்லை. ஆனால் கஜபதிக்குச் சுருக்கென்றது. டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். அதை எடுக்க அவள் குனியப்போனபோது, "இரு இரு, நான் வெக்கிறேன்" என்று தானே கொண்டுபோய்க் கழுவினான். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். அவனுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலமும் கட்டணம் பார்த்தான். ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று மனசில் பதியவே இல்லை.

8

ஆடியின் கடைசிக் கப்பல். (நான் வேண்டுமென்றே இழுத்து வந்திருக்கிறேன். கதைக்கு வசதி.)

வேலை நேரத்தில் ஜேம்ஸிடமிருந்து போன் வந்தது. "அண்ணாத்தே, எறங்கிகிச்சு! எவனோ கும்பலா கேன்சல் பண்ணிட்டான் போல. நல்லா எறங்கிகீது. ஒரே ஒரு ரூம்பு. ஒடனே வா, இல்லன்னா போய்டும்."

கஜபதி பர்மிஷன் போட்டுவிட்டு வண்டியை எடுத்தான். அவன் சொன்னதுதான் நடந்தது! அவனே எறங்கி வந்துட்டான்! அம்பத்தூரிலிருந்து வேலப்பன்சாவடி வரைக்கும் ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தான். பாவம், எத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஒரு ஜெயிப்பு. அவனைக் கொஞ்ச நேரம் சிரிக்க விட்டேன்.

கடையில் ஜேம்ஸ் எல்லாவற்றையும் தயாராகத் திறந்து வைத்திருந்தார். "எத்தினி பேருன்னு கேக்குது. ரெண்டுன்னு போட்டுர்றேன்."

"இரு" என்றான் கஜபதி. ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. "ஒருத்தருன்னா எவ்ளோ?"

"ஒருத்தரா? யாரு ஒருத்தரு?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லுய்யா."

ஜேம்ஸ் தட்டிப் பார்த்தார். "பெருசா கொறையாது அண்ணாத்தே. ஒருத்தரு படுத்தாலும் ரூம்பு ரூம்புதான. காலியாக் கெடக்கற கட்டிலுக்கும் சேத்து நீதான் கட்டணும். எவனாச்சும் அப்படிப் போடுவானா? தண்டம். ரெண்டுன்னு போடவா?"

பார்த்தீர்களா, எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டது! வாழ்க்கை முழுக்க ஏமாந்துவிடக் கூடாது என்று காத்துக்கிடந்தவன். கடைசியில் விலை அவன் சொன்னபடியே இறங்கியிருக்கிறது. இப்போது புஷ்பாவுக்கு அவள் கேட்ட தூக்கத்தைக் கொடுக்க வேண்டுமென்றால், யாருமே படுக்காத ஒரு கட்டிலை முழு விலை கொடுத்து வாங்க வேண்டும். கப்பல்காரன் சிரிப்பான். ஜேம்ஸும் சிரிப்பார்.

எனக்குத் தெரிந்த முடிவுகளைச் சொல்கிறேன்.

"ரெண்டு போடு" என்கிறான். இருவரும் போகிறார்கள். அவன் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கிறான், பூனை மாதிரி நடக்கிறான், எதுவும் கேட்பதில்லை. ஆனால் மூன்றாம் நாள் காலையில் மூக்குக்கண்ணாடி எங்கே என்று தெரியாமல், "புஷ்"

அல்லது, "ஒண்ணு போடு" என்கிறான். அவளைத் துறைமுகத்தில் விட்டுவிட்டுக் கை அசைக்கிறான். கண்ணில் நீர். பின்னணியில் சங்கு ஊதுகிறது. எழுதும்போதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஒரே நாளில் ஒருவனைத் தியாகி ஆக்கினால் அவன் அதைக் காலம் முழுக்கச் சொல்லிச் சொல்லியே அவளைத் தூங்கவிடமாட்டான்.

மூன்றாவதுதான் எனக்குப் பயம். "நாளைக்கு வர்றேன் ஜேம்ஸு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவது. அவன் சுபாவத்துக்கு அதுதான் பொருந்தும். நான் தடுக்காவிட்டால் கால் தானாக அந்தப் பக்கம்தான் போகும்.

மூன்றில் எதை எடுப்பது என்று தெரியாமல், கடைசியில் சுலபமான வழியைப் பிடித்தேன். "முடிவை வாசகரிடமே விட்டுவிடுகிறேன்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சித்ராவிடம் நீட்டினேன். இந்த மாதிரிக் கதைகளுக்கு அதுதான் மரியாதை என்றும் சொன்னேன்.

அவள் நின்றபடியே படித்தாள். "ஜேம்ஸ் கேட்டாச்சு, ஒண்ணா ரெண்டான்னு. நீங்க வாசகரைக் கேட்டாச்சு. புஷ்பாவை யாராவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. நீங்களும் நினைத்திருக்கமாட்டீர்கள். போட்ட கையெழுத்தை அடித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தேன்.

9

"இரு ஜேம்ஸு" என்று சொல்லிவிட்டுக் கஜபதி கடைக்கு வெளியே வந்தான். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிகள் காதைப் பிளந்துகொண்டு போயின. ஒரு காதைப் பொத்திக்கொண்டு போன் போட்டான்.

"இன்னாய்யா? இன்னா வேணும்?" புஷ்பா எப்போதும் போனை இப்படித்தான் எடுப்பாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். கப்பலு எறங்கிகிச்சு."

"அட!"

"ஒரே ஒரு ரூம்பு கீது. ரெண்டு பேரு போனாலும், ஒருத்தரு போனாலும் துட்டு கிட்டத்தட்ட ஒண்ணுதான். துட்டைப் பத்தி நீ நெனைக்காத." போனை இன்னொரு காதுக்கு மாற்றினான். "உனக்கு இன்னா வேணும் புஷ்பா? நான் வரட்டா, வேணாமா? நீ எத்தச் சொன்னாலும் சரி. சத்தியமா கோச்சுக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது.

கடைக்குள்ளிருந்து ஜேம்ஸ் கையை ஆட்டுகிறார். வேறு யாரோ அதே அறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், சீக்கிரம், சீக்கிரம். கஜபதி அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான். "சொல்லு, சொல்லு" என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

வாசகரே, உங்களிடம் ஒரு பதில் இருக்கும். என்னிடமும் ஒன்று இருக்கிறது. இரண்டையும் மடித்துப் பைக்குள் வையுங்கள். அவளை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை, அதனால் கையில் தயாராகப் பதில் இல்லை. புஷ்பா யோசிக்கிறாள். விலை ஏறினால் ஏறிவிட்டுப் போகட்டும். கொஞ்சம் சும்மா இருங்கள்.